ஏட்டில் ஏறிய வயலின்: எல். சுப்பிரமணியத்தின் வாழ்வும் இசையும்

(கிளிநொச்சியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் டொக்டர் எல். சுப்பிரமணியம். அமெரிக்காவில் இசைத்தட்டுக் கடைக்குப் போனால் அவரை ஜாஸ் தட்டுகளுக்கு இடையில் தேட வேண்டும். மார்கழியில் சென்னைக்குப் போனால் அவர் கர்நாடக வித்துவான். ஓர்கெஸ்ட்ரா உலகில் அவர் இசையமைப்பாளர். 2025இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது. 1988இல் பத்மஸ்ரீயும் 2001இல் பத்ம பூஷணும் ஏற்கெனவே கிடைத்திருந்தன. இவ்வளவு புகழையும் நாம் தூரத்து இந்தியர் ஒருவருடையது என்றே கேட்டுக் கடந்துவிடுகிறோம். அவர் வில்லைப் பிடிக்கப் பழகியது யாழ்ப்பாணத்தில். அவருடைய காது இசைக்குப் பழகிய மண் நம்முடைய வடபுலம்.

உரிமை கொண்டாடுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் அவரிடமிருந்து பெற வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கிழக்கையும் மேற்கையும் கலந்தார் என்று எல்லோரும் அவரைப் பாராட்டுகிறார்கள். கலப்பது பெரிய காரியமில்லை. கீபோட்டுக்குப் பக்கத்தில் மிருதங்கத்தை வைத்தால் அதுவும் கலவைதான். மற்றவருடைய இசை இலக்கணத்தை முழுமையாகப் படித்து, தம் இசையை அவர்கள் வாசிக்கும்படி எழுதிக் கொடுத்தாரே, அதுதான் அவருடைய சாதனை. இன்று நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

தகப்பனாரின் கனவு

சுப்பிரமணியம் 1947 யூலை 23ஆம் திகதி சென்னையில் பிறந்தார். தகப்பனார் வி. லட்சுமிநாராயண ஐயர் வயலின் வித்துவான். தாயார் சீதாலட்சுமியும் இசை அறிந்தவர். ஐயர் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துக்கு வந்து இசை கற்பித்தார். தமிழகத்து வித்துவான்கள் கடல் கடந்து வந்து நமக்குச் சங்கீதம் சொல்லித்தந்த காலம் அது. அந்த வரிசையில் பின்னாளில் மகாராஜபுரம் சந்தானமும் வந்து மருதனார்மடத்து இராமநாதன் இசைக்கல்லூரியில் அதிபராக இருந்தார்.

லட்சுமிநாராயண ஐயருடைய மனக்குறை என்ன என்று விளங்க வேண்டுமானால், வயலின் நம் கச்சேரிக்குள் வந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை ஐரோப்பியரிடமிருந்து கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவாங்கூர் அரசவையில் வாசித்தார். மேனாட்டார் நின்றோ கதிரையில் இருந்தோ தாடைக்குக் கீழே பிடிப்பதை நம்மவர் சம்மணமிட்டு இருந்து, தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றிப் பிடித்தார்கள். அதனால் இடக்கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலை போயிற்று. விரல் தந்தியில் தாராளமாக வழுக்கி ஓடலாம், சுரத்தை அசைக்கும் கமகமும் பேசலாம். சுருதி கூட்டுவதையும் மாற்றினார்கள். மேனாட்டு வயலினின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் ஏறிப்போகும். நம்முடைய வயலினில் ச-ப-ச-ப.

இவ்வளவு செய்து வீட்டுப்பிள்ளையாக ஆக்கிக்கொண்ட வாத்தியத்துக்கு நாம் கொடுத்த இடம் பக்கவாத்தியம். பாடகர் ஒரு சங்கதி போட்டால் அதை எதிரொலிப்பது, அவர் மூச்சு வாங்கும்போது இடைவெளியை நிரப்புவது. துவாரம் வெங்கடசாமி நாயுடு போன்றவர்கள் தனிக்கச்சேரி வாசித்திருந்தாலும் மேடையின் வழக்கம் அதிகம் மாறவில்லை. மேனாட்டு இசையில் இதே வாத்தியம் ஓர்கெஸ்ட்ராவின் முன் தனித்து நிற்கிறது என்பது லட்சுமிநாராயண ஐயருக்குத் தெரியும். நம் வயலினும் அப்படி நிற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த விருப்பத்தைத் தம் மூன்று ஆண்மக்களின் விரல்களில் ஏற்றினார். மூத்தவர் வைத்தியநாதன், அடுத்தவர் சுப்பிரமணியம், இளையவர் சங்கர். மூவரும் பிள்ளைப் பருவத்திலேயே மேடை ஏறினார்கள்.

1958

இந்தக் குடும்பத்தின் கதை திரும்பிய ஆண்டு 1958. அந்த ஆண்டின் முற்பகுதியில் அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக் தம் குழுவோடு அரசாங்கத் தூதுப் பயணமாகப் பல நாடுகளுக்குப் போனார். போலந்து, துருக்கி, இந்தியா என்று நீண்ட அந்தப் பயணத்தில் இலங்கையும் இருந்தது. புரூபெக் டாரியுஸ் மியோ என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரிடம் முறையாகப் படித்தவர். ஜாஸ் வாசித்துக்கொண்டே செவ்வியல் உருப்படிகளும் எழுதியவர். துருக்கித் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தை வைத்து அவர் ஓர் உருப்படி ஆக்கினார். 1959இல் அவருடைய குழு வெளியிட்ட இசைத்தட்டில், குழுவின் சாக்ஸபோன் கலைஞர் போல் டெஸ்மண்ட் எழுதிய ஐந்து எண்ணிக்கை உருப்படி உலகெங்கும் பரவியது. ஐந்து எண்ணிக்கைக் கண்டமும் ஒன்பது எண்ணிக்கைச் சங்கீர்ணமும் நமக்குச் சின்ன வகுப்பிலேயே சொல்லித்தரப்படுகிற கணக்குகள். ஜாஸ் உலகத்துக்கு அன்று அவை புதினம். இரண்டு இசைகளும் ஒன்றையொன்று எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது.

1958 மே மாதம் வவுனியாவில் தமிழரசுக் கட்சியின் மாநாடு ஏற்பாடாகியிருந்தது. மே 22ஆம் திகதி மட்டக்களப்பிலிருந்து வந்த ரயில் பொலன்னறுவையில் தாக்கப்பட்டது. மாநாட்டுக்கு வருகிறவர்களைத் தேடி நடந்த தாக்குதல் அது. அடுத்தடுத்த நாட்களில் நாடு எரிந்தது. அந்தக் கலவரத்தின் பின் லட்சுமிநாராயண ஐயர் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார். சுப்பிரமணியத்துக்கு அப்போது பதினொரு வயதுகூட ஆகவில்லை.

1977, 1983, 1995, 2009 என்று ஆண்டுகளைச் சொன்னாலே இந்த மண்டபத்தில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு பாதை ஞாபகம் வரும். 1958க்கும் ஒரு கணக்கு உண்டு என்று மட்டும் சொல்லி மேலே போகிறேன். வடக்கு அந்த ஆண்டு ஒரு வயலின் ஆசிரியரை இழந்தது. அவரோடு மூன்று இசையமைப்பாளர்களும் போனார்கள்.

மருத்துவம் படித்த வித்துவான்

சென்னையில் மூன்று சகோதரர்களும் சேர்ந்து மூன்று வயலின்களில் கச்சேரிகள் செய்தார்கள். சுப்பிரமணியம் செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பெரியவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். அதே காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டமும் பெற்றார். பெயருக்கு முன்னால் உள்ள டொக்டர் அங்கிருந்து வந்தது. சங்கீதம் சோறு போடாது என்று கவலைப்படும் பெற்றோர் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். அந்தக் கவலை அந்த வீட்டிலும் இருந்திருக்கும்.

1974இல் சித்தார் மேதை பண்டிட் ரவிசங்கரும் ஆங்கிலப் பாடகர் ஜோர்ஜ் ஹரிசனும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடத்திய இசைப்பயணத்தில் சுப்பிரமணியம் இடம்பெற்றார். அதே காலப்பகுதியில் அவர் எடுத்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கச்சேரி மேடையில் பெயர் பெற்றுவிட்ட ஒரு வித்துவான் மறுபடியும் மாணவனாகி, கலிபோர்னியாக் கலை நிறுவகத்தில் மேனாட்டுச் செவ்வியல் இசையில் முதுகலைப் பட்டம் படித்தார். அவருக்கு அது ஏன் தேவைப்பட்டது?

நம் இசை ஒற்றைக்கோட்டில் ஓடுவது. ஒரு இராகம், அதன் கீழே மாறாத ஒரு சுருதி. மேனாட்டு இசையிலும் ஜாஸிலும் பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். கிட்டார் பழகும் பிள்ளைகள் ‘கோட்ஸ்’ என்பார்களே, அந்தச் சுரக்கூட்டு பாட்டின் அடியில் மாறிக்கொண்டே இருக்கும். இப்போது தோடி இராகத்தை எடுங்கள். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுதான் தோடி. அதன் அடியில் அசையாத ஒரு சுரக்கூட்டை வைத்தால் இரண்டும் உரசும், இராகம் செத்துவிடும். எந்த இராகம் சுரக்கூட்டைத் தாங்கும், எது தாங்காது, தாங்காத இடத்தில் எதை எழுதலாம் என்பது காதால் மட்டும் பிடிபடுகிற விடயமில்லை. படித்தால்தான் பிடிபடும்.

இரண்டாவது சிக்கல் எழுத்து. ஓர்கெஸ்ட்ராவில் எண்பது, தொண்ணூறு பேர் இருப்பார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு அவர்களுக்குக் கிடைப்பது ஒருசில ஒத்திகைகள்தான். குருகுலவாசம் அங்கே நடக்காது. தாளில் இருப்பதைத்தான் வாசிப்பார்கள். தாளில் இல்லாதது ஒலிக்காது. ஆகவே எந்த வாத்தியம், எந்த இடத்தில், எவ்வளவு உரத்து, எத்தனை எண்ணிக்கைக்கு என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். சுப்பிரமணியம் அந்த எழுத்தைக் கற்றார்.

ஜாஸ் மேடையில்

1970களின் பிற்பகுதி தொடக்கம் அவருடைய இசைத்தட்டுகள் வரிசையாக வந்தன. டென்மார்க்கின் ஜாஸ் வயலின் கலைஞர் ஸ்வென் அஸ்முசனோடு வாசித்தார். ஜாஸ் கலைஞர்கள் ஹேர்பி ஹான்கொக், லரி கொரியல் ஆகியோரோடு பதிவு செய்தார். 1980களில் பிரெஞ்சு வயலின் மேதை ஸ்டெபான் கிரப்பெல்லியோடு ‘உரையாடல்கள்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் இசைத்தட்டு செய்தார். கிரப்பெல்லி 1908இல் பிறந்தவர். 1934இல் பரிஸ் நகரில் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டோடு சேர்ந்து தந்தி வாத்தியங்கள் மட்டுமே கொண்ட ஜாஸ் குழுவை அமைத்தவர். ஜாஸில் வயலினுக்கு ஓரிடம் பிடித்துக் கொடுத்த கிழவரும், கர்நாடக வயலினுக்குத் தனியிடம் தேடிய குடும்பத்துப் பிள்ளையும் சந்தித்த இடம் அது.

ஜாஸுக்கும் நமக்கும் பொதுவாக இருப்பது மனோதர்மம். கல்பனாசுரம் பாடும்போது நாம் இராகத்தையும் தாளத்தையும் இரண்டு கரைகளாக வைத்துக்கொண்டு அந்தக் கணத்தில் சுரங்களைக் கோக்கிறோம். ஜாஸ் கலைஞருக்கு மெட்டின் சுரக்கூட்டு வரிசையும் அதன் சுற்றும் கரைகள். சுரக்கூட்டு மாறும்போது அவருடைய கற்பனையும் திசை மாற வேண்டும். நம்மவர் ஓர் இராகத்தில் ஆழமாக இறங்கலாம். அவர் அடிக்கடி தரை மாறும் இடத்தில் நடக்க வேண்டும். கிரப்பெல்லியோடு வாசிக்கும்போது சுப்பிரமணியத்தின் வில்லில் கமகமும் உண்டு, சுரக்கூட்டை அறிந்த நடையும் உண்டு. இருவரும் மாறி மாறி வாசிக்கும் இடங்களைக் கேட்கும்போது, கச்சேரியில் பாடகரும் வயலினும் சுரம் பாடிப் பகிர்வதை அறிந்த காதுக்கு எதுவும் அந்நியமாக இராது.

ஓர்கெஸ்ட்ராவின் முன்னால்

1985இல் நியூயோர்க் பில்ஹார்மொனிக் ஓர்கெஸ்ட்ரா சுபின் மேத்தாவின் நெறியாள்கையில் சுப்பிரமணியத்தின் உருப்படியொன்றை வாசித்தது. வேத ஓதலை அடிப்படையாகக் கொண்ட கற்பனை இசை அது; தனி வயலின் அவருடையது. தகப்பனார் யாழ்ப்பாணத்தில் இருந்து கண்ட கனவு உலகின் பெரிய மேடையொன்றில் நிறைவேறியது. ஐயர் அதைக் காண உயிரோடு இருந்தார் என்பது எனக்கு மகிழ்ச்சி.

அவர் தெரிந்தெடுத்த பொருளைப் பாருங்கள். வேத ஓதல் உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்ற மூன்று நிலைகளில் ஏறி இறங்குவது. சிக்கலான கமகம் அதில் இல்லை. சில சுரங்களே திரும்பத் திரும்ப வரும். ஆகவே மேனாட்டு வாத்தியக்காரர் எழுதிய சுரத்தை எழுதியபடி வாசித்தாலே போதும், அதன் இயல்பு கெடாது. நுட்பமான அசைவுகளைத் தனி வயலின் பார்த்துக்கொள்ளும். எதை எழுத்துக்குக் கொடுப்பது, எதை விரலுக்கு வைத்துக்கொள்வது என்ற இந்தப் பங்கீட்டில்தான் இசையமைப்பாளரின் அறிவு தெரிகிறது.

அதன் பின் சுவிற்சர்லாந்து, நோர்வே, ஜேர்மனி, சீனா என்று பல நாட்டு ஓர்கெஸ்ட்ராக்கள் அவருடைய உருப்படிகளை வாசித்தன. மேனாட்டு வயலின் மேதை யெஹுதி மெனுஹினோடு அவர் ஒரே மேடையில் வாசித்தார். மீரா நாயரின் ‘சலாம் பொம்பே’ (1988), ‘மிசிசிப்பி மசாலா’ (1991) திரைப்படங்களுக்கு இசையமைத்தார்.

எல்லாமே உயர்ந்தவை என்று நான் சொல்லமாட்டேன். 1980களில் வந்த சில இசைத்தட்டுகளில் அக்காலத்து மின்விசைக் கருவிகளின் ஓசை இன்று பழசாகத் தெரிகிறது. வேகம் சில இடங்களில் பாவத்தை முந்திக்கொண்டு போகிறது. ஓர்கெஸ்ட்ரா உருப்படிகளில் வயலினுக்குப் பின்னால் மற்ற வாத்தியங்கள் வெறும் திரைச்சீலையாகத் தொங்கும் பகுதிகளும் உண்டு. சங்கீதத்தின் தூய்மை கெடுகிறது என்ற பழைய குற்றச்சாட்டை மட்டும் என்னால் ஏற்க முடியாது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்து நோட்டுசுரங்கள் ஆக்கி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றை நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவற்றின் இராகமான சங்கராபரணம் அதனால் கெட்டுப்போகவில்லை.

மற்ற இரு சகோதரர்கள்

மூத்தவர் எல். வைத்தியநாதன் திரைக்குப் போனார். பாரதியின் பாடல்களை வைத்து ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு அவர் அமைத்த இசையைக் கேட்காதவர்கள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடரின் இசையும் அவருடையது. 2007இல் காலமானார்.

இளையவர் எல். சங்கர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கிட்டார் கலைஞர் ஜோன் மக்லாஃப்லின் கலாநிதி எஸ். இராமநாதனிடம் வீணை படித்த இடமும் அதுதான். மக்லாஃப்லின், சங்கர், சாகிர் ஹுசைன், விக்கு விநாயக்ராம் ஆகியோர் சேர்ந்து 1970களின் நடுவில் நடத்திய ‘சக்தி’ குழு ஜாஸ் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. பின்னர் சங்கர் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினைச் செய்வித்து வாசித்தார். டபுள் பேஸ் முதல் வயலின் வரையான ஒலி எல்லை அந்த ஒரே வாத்தியத்தில் அடங்கும். ஒரே ஆசிரியரின் மூன்று பிள்ளைகள் மூன்று வழியில் போனார்கள். தகப்பனார் பிள்ளைகளைத் தம் அச்சில் வார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லட்சுமிநாராயண ஐயர் 1990இல் மறைந்தார். அவர் நினைவாக 1992இல் சுப்பிரமணியம் ஓர் உலக இசைவிழாவைத் தொடங்கினார். 2007இல் பெங்களூரில் அவரும் அவருடைய மனைவி பாடகி கவிதா கிருஷ்ணமூர்த்தியும் இசைப்பள்ளி ஒன்றை ஆரம்பித்தார்கள். மகன் அம்பி வயலின் கலைஞர், மகள் பிந்து பாடகி.

நமக்கு என்ன?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நம் பாடசாலைகளில் க.பொ.த. சாதாரண தரத்துக்கு அழகியற் பாடமாகக் கர்நாடக சங்கீதம் உண்டு. மேலைத்தேய சங்கீதமும் உண்டு. இரண்டும் தனித்தனிப் பாடங்கள், பிள்ளை ஒன்றைத்தான் எடுக்கலாம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகள் ஆர்வமாகப் போகிறார்கள். சான்றிதழும் பெறுகிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் சுப்பிரமணியத்தின் உருப்படியொன்றின் தாளைக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாது. தேவாலயத்தில் கீபோட் வாசிக்கும் பிள்ளைக்கு அந்தத் தாள் தெரியும், இராகம் தெரியாது. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் நிலை இது.

இது புதிய சிந்தனை என்று நினைக்க வேண்டாம். 1893இலேயே ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக உருப்படிகளை மேனாட்டுச் சுரக்குறிப்பில் சென்னையில் அச்சிட்டார். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ கமகங்களுக்கே தனிக் குறிகள் கொடுத்தது. எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மவரிடம் பழையது. நாம்தான் அதைத் தொடரவில்லை.

எழுத வேண்டிய இசை வன்னியில் எவ்வளவு இருக்கிறது! முல்லைத்தீவின் கோவலன் கூத்து, வற்றாப்பளை வைகாசிப் பொங்கலின் பறையொலி, உடுக்கோடு பாடும் காவல் தெய்வப் பாடல்கள், அரிவிவெட்டுப் பாடல், குருவிப் பள்ளு, பன்றிப் பள்ளு. பாடல்களின் சொற்களில் பல அச்சில் வந்திருக்கின்றன. மெட்டோ பெரும்பாலும் பாடுகிறவரின் தொண்டையிலேயே இருக்கிறது. பாட்டுக்கொப்பி முகாமில் தொலைந்த குடும்பங்கள் எத்தனை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எழுதிப் பல இடத்தில் வைத்த மெட்டை எந்த இடம்பெயர்வும் முழுதாக அழிக்க முடியாது. அது இன்னொருவர் கையில் இன்னொரு ஊரில் வாசிக்கப்படும்.

ஆகவே இசை ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. கிழமைக்கு ஒரு பாடவேளை போதும். கர்நாடக வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐங்கோட்டுக் குறிப்பை வாசிக்கக் காட்டிக்கொடுங்கள். மேலைத்தேய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து இராகங்களையாவது பாடிக் காட்டுங்கள். முதற் பயிற்சியாக, உங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவரிடம் போய் ஒரு கூத்துத்தருவைக் கேட்டு, இரண்டு குறிப்புகளிலும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். சுரம் பிழைக்கும், தாளம் பிழைக்கும், அண்ணாவியாரே திருத்துவார். பெற்றோரே, பிள்ளை வயலினோடு இன்னொரு இசையையும் படிக்கக் கேட்டால் மறிக்க வேண்டாம். மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளைதான் நியூயோர்க் ஓர்கெஸ்ட்ராவுக்கும் எழுதினார்.

மாணவர்களே, அடுத்த தவணை தொடங்கும்போது உங்கள் இசைக்கொப்பியில் ஒரு பக்கத்தில் ஐந்து கோடுகளைக் கீறுங்கள். உங்கள் ஊர் மெட்டு ஒன்றை அதில் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். இந்த மண்ணில் இசையமைப்பாளர்கள் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.